திறந்து கிடந்த டி டிரைவ்

நாங்கள் குடியிருந்தது கொச்சியில், மட்டாஞ்சேரியில், துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில். எட்டு வீடு, ஒரே கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் கனத்தில் சுவர். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். எட்டும் தமிழ் வீடுகள்தான். ஆனால் நாங்கள் பேசிய தமிழைக் கேட்டால் திருநெல்வேலியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் இருக்கிற சாமானை இன்னொரு வீடு வாங்காது. முதல் வீட்டில் பிரிட்ஜ் இருந்ததால் எங்கள் மீன் அங்கேதான் இருக்கும். நான்காம் வீட்டு கிரைண்டரில்தான் எட்டு வீட்டு மாவும் அரைபடும். போன் எங்களுடையது. எட்டு வீட்டு உறவுகளும் எங்கள் எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் நான் வாசலில் நின்று கத்த வேண்டும். இதையெல்லாம் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மீன் குறைந்தது, மாவு குறைந்தது என்று மாதம் ஒரு சண்டை நடக்கும். சண்டை போட்டவர்களே மறுநாள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தபோதும் அதே கதைதான். நான் வாங்கிய கம்ப்யூட்டரில் போன் கம்பி வழியாக இன்டர்நெட் இருந்தது. நான் சேச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. அவள் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, டியூஷன் வினாத்தாள் எல்லாம் மலையாளத்தில் அடித்துக் கொடுப்பாள். எனக்கு பிரிண்டர் வேண்டும், அவளுக்கு இன்டர்நெட் வேண்டும். எனக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்த தோப்பும்படிக்காரர் ஒரு நீலக் கம்பியைச் சுவருக்கு மேலே, ஓட்டுக்கு அடியில் விட்டு இரண்டு வீட்டையும் இணைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு புத்திமதியும் சொன்னார். "சி டிரைவ்ல ஒண்ணும் வைக்காதே மோளே. சி எப்ப வேணும்னாலும் போகும். முக்கியமானது எல்லாம் டி-யில வை." அந்தக் காலத்தில் எல்லா அசெம்பிள்காரர்களும் சொன்னதுதான் இது. நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பா பதினெட்டு வயதில் மாமாவோடு கொச்சிக்கு வந்து, மாநகராட்சியின் சாக்கடை ஓடைப் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றவர். ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்த தமிழ் அவருக்கு எழுதப் படிக்கப் போதுமானதாக இருந்தது. மலையாளம் தண்ணீராகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்து தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கத்துப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வரிசை வரிசையாக வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று, "எனக்குத் தமிழ் தெரியும். என் பேரை வெட்டிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலையாள வழியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று அவமானமாக இருந்தது. பஸ் போர்டைக்கூட அடுத்தவரிடம் கேட்டு ஏறுகிறவருக்கு இந்த வீம்பு எதற்கு என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஓர் எழுத்து இல்லை. அவருடைய எழுத்து எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. தமிழ் எழுதப் பழகியது எல்லாம் பிறகுதான்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. அப்போது நான் வெல்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். சென்னைக் கம்பெனிக்கு நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. எறணாகுளத்துக்கு வந்து நேர்முகம் நடத்தினார்கள். வருவதா இல்லையா என்று பதில் சொல்ல ஒரு மாதம் தந்தார்கள். நேர்முகம் நடத்தியவர், "வர்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுற ஒரு ஸ்கேனர் போட்டுப் பாருங்க. அது குடுக்கிற ரிப்போர்ட்டோட வாங்க" என்றார்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போனால் அவர் தனியாகிவிடுவார். அதைவிட, நேரில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அழுதால் போகமாட்டேன். அதனால் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாள் மூச்சுவிடாமல் வாசித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். சேச்சி போட்டுத் தந்த மலையாள எழுத்துருவில் ஒரு சாயங்காலம் ஒரு பக்கம் அடித்தேன். அது கடிதமே இல்லை, சண்டை. நாலு நாள் கழித்துப் படித்தபோது எனக்கே பயமாக இருந்தது. அதனால் இரண்டாவது எழுதினேன். பிறகு மூன்றாவது. இப்படியே ஏழு வரை போனது. அப்பா ஒன்று, அப்பா இரண்டு என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து எல்லாவற்றையும் டி-யில் வைத்தேன். முக்கியமானது டி-யில்தானே இருக்க வேண்டும்.

மாதம் கழிந்து கடைசி ஞாயிறு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று காலை சாயா குடித்த கையோடு ஸ்கேனரைப் போட உட்கார்ந்தேன். அப்பாவிடம் சொல்வதை இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட அது நல்ல சாக்கு.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த ஸ்கேனர் இருந்தது. அதற்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி சோதனையை நடத்தும், இன்னொரு பாதியில் உட்கார்ந்து நாம் உத்தரவு போட வேண்டும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டேன். பெயரும் ஈமெயிலும் கொடுத்தால் ஒரு சாவி எண் அனுப்புவார்கள், அதைப் போட்டால்தான் புதிய ஓட்டைகளின் பட்டியல் இறங்கும் என்று சொன்னது. பட்டியல் இறங்க இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் போன் எங்கேஜ். ஆறாம் வீட்டுக்காரர் துபாயிலிருந்து மகன் கூப்பிடுவான் என்று வாசலில் வந்து நின்று, போனையும் என்னையும் மாறி மாறி முறைத்துவிட்டுப் போனார்.

அதற்கு நடுவில் அப்பா ஒரு மலையாளப் பேப்பரோடு வந்தார். சில வாரங்களாக அவருக்கு இந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. மீன் சுற்றி வந்த பேப்பரைக்கூட விடுவதில்லை. விரலை வைத்து, "இந்தக் கொம்பு போட்ட எழுத்து என்னது?" என்பார். சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். பத்து நிமிஷத்தில் திரும்பி வருவார்.

அன்று நான் எரிந்து விழுந்தேன். "இத்தன வருஷம் இல்லாத ஆசை இப்ப எதுக்குப்பா? சும்மா இருக்க முடியலைன்னா கோயில் பக்கம் போய்ட்டு வாங்களேன்."

"வெறுதே, சும்மா கேட்டேன்" என்றார். பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார்.

முதல் தடவை ஸ்கேன் ஓட்டியபோது அவசரத்தில் எல்லாச் சோதனைகளையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதில் ஆபத்தானவையும் இருந்தன. கம்ப்யூட்டரைக் கவிழ்த்துப் பார்க்கிற சோதனைகள் அவை. என் கம்ப்யூட்டர் உண்மையாகவே கவிழ்ந்தது. திரை நீலமாகி நின்றது. திரும்பவும் முதலிலிருந்து கிளப்பி, ஆபத்தில்லாத சோதனைகளை மட்டும் வைத்து, எங்கள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண்ணைக் கொடுத்து ஓட விட்டேன். அது ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனது. சாப்பாட்டு நேரத்துக்கு ரிப்போர்ட் வந்தது. பச்சையில் பத்துப் பன்னிரண்டு வரிகள், மஞ்சளில் நாலு, சிவப்பில் ஒன்று.

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சிவப்பு ஒன்றாவது இல்லாவிட்டால் சென்னைக்காரரிடம் எதைக் காட்டுவது? அதை அழுத்தித் திறந்தேன். டி டிரைவ் இந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றது. பாஸ்வேர்டு கேட்கவில்லை என்றது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். நான் உள்ளே போய்ப் பார்த்ததில் கீழ்க்கண்ட கோப்புகள் இருந்தன என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தது. அகரவரிசையில் முதலில் நின்றது அப்பா ஒன்று. அதற்குக் கீழே இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும்.

நெட்வொர்க்கில் உள்ள எல்லோரும் என்றால் யார்? நீலக் கம்பியின் அந்த முனையில் இருந்தது ஒரே ஒருத்திதான். செருப்புகூடப் போடாமல் சேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் கப்பைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"என் டி டிரைவ் முழுக்க உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நோட்டீஸ் போல்டரை மட்டும் காட்டச் சொன்னா எரர் வருதுன்னு தோப்பும்படிக்காரர் மொத்தமாத் தெறந்து வச்சார். எந்தா, இப்ப திடீர்னு?"

"அப்பான்னு பேர் போட்டு வச்சிருந்தேனே. அதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பிரிண்ட் அடிச்சுக் குடுத்தேனே."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"உங்க அப்பாவுக்குத்தான். பேரு போட்டிருந்துதுல்லே?" என்று கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் பயம் வந்துவிட்டது. "மோளே, நீ புதுசா எதை வச்சாலும் நான் அடிக்கிறதுதானே வழக்கம்? நீ ஆபீசுக்குப் போனப்புறம் எடுத்து அடிப்பேன், வீட்டுல யாரு இருக்காங்களோ அவங்க கையில குடுப்பேன். அன்னிக்கும் அதைத்தான் செஞ்சேன். முதல் ரெண்டு வரியப் பாத்ததும் மேல வாசிக்கலை. சத்தியமா."

"மத்தது?"

"அதே பேரா இருந்துது. அடிச்சதுதானேன்னு விட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். நான் டி-யில் வைப்பேன், மறுநாள் காகிதம் சுவர் தாண்டி வரும். எப்படி வருகிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நெட்வொர்க் பாதுகாப்பு வேலைக்கு ஆள் தேடியவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நல்ல ஆள்தான் கிடைத்தேன்.

"எப்ப குடுத்தீங்க?"

"மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. நான் வாசிச்சுச் சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம், நானே வாசிச்சுக்கறேன்னு வாங்கி சட்டைப் பைக்குள்ள வச்சார்."

நானே வாசித்துக்கொள்கிறேன் என்றாராம். மூன்று வாரம். மீன் பேப்பர். கொம்பு போட்ட எழுத்து. காலையில் நான் எரிந்து விழுந்தது.

பின்வாசல் படியில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் பழைய பள்ளிக்கூட அட்லஸ், அதன் மேல் அந்தக் காகிதம். மடித்து மடித்து அதன் நடுக்கோடு நைந்து போயிருந்தது. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஒவ்வொரு மலையாள வரிக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுத்துகள் எழுதியிருந்தார். சில இடத்தில் அழித்து மறுபடியும் எழுதியிருந்தார். பாதிப் பக்கம் வரை அப்படி இருந்தது. அதற்குக் கீழே பென்சில் படவில்லை.

"இது வரைக்கும் வந்துட்டேன்" என்று விரலை வைத்துக் காட்டினார். "மெட்ராஸ்ல வேலை. ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். சொல்லப் பயமா இருக்கு. அது வரைக்கும் புரிஞ்சுது. முழுக்க வாசிச்சிட்டுப் பேசலாம்னு இருந்தேன். கண்ணு ஒத்துழைக்கல."

என் கண் கீழ்ப் பாதிக்குப் போனது. அங்கே என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா போன பிறகு நான் உங்களுக்கு மகளாக இல்லை, சமைத்துப் போடுகிற ஆளாகத்தான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா என்றும் எழுதியிருந்தேன். கோபத்தில் எழுதியது. ஆனால் பொய் இல்லை.

"மீதிய நீயே வாசி" என்று காகிதத்தை நீட்டினார்.

வாசித்தேன். வாசித்தேன் என்றா சொல்வது? கண் ஒன்றைப் பார்க்க, வாய் வேறொன்றைச் சொன்னது. "அம்மா போன பிறகு உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசில்லை" என்றேன்.

அப்பா குனிந்து காகிதத்தைப் பார்த்தார். விரலால் அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். அந்த வாக்கியம் அடுத்த வரிக்கும் போய், அதற்கடுத்த வரியில்தான் முடிந்தது.

"இவ்வளவு நீளமா எழுதியிருக்கே. நீ சொன்னது அவ்வளவுதானா?"

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"உள்ளது உள்ளபடி வாசி, மோளே. சாரமில்ல, பரவாயில்ல."

வாசித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கப்பை சீவுகிற சத்தம் நின்றிருந்தது. அது எனக்குத் தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை. முடித்தபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்" என்றார். "ஒரு நாளும் கேட்டதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, "அது என்ன வேலை?" என்றார்.

அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டு, எது பூட்டியிருக்கிறது, எது தாழ் போடாமல் கிடக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வதுதான் வேலை என்றேன். பச்சை என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். சிவப்பு வரியில் விரலை வைத்தார்.

"இதான் உன் கடிதாசி வெளிய வந்த வழியா?"

"ஆமா."

"ஓடையிலயும் இப்பிடித்தான். அடைப்பு கண்ணுக்குத் தெரியும். கசிவு தெரியாது. ஒவ்வொரு மூடியாத் தெறந்து பாத்தாத்தான் உண்டு." அவர் தன் வேலையைப் பற்றி என்னிடம் பேசியதும் அதுதான் முதல் தடவை. நானும் ஒரு நாள் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கிறீர்களா என்ற அந்த வரியை நான் எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

"சேச்சிகிட்ட குடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல வாசிச்சிருப்பாங்களே. எதுக்குப்பா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"எனக்குன்னு எழுதினதை இன்னொருத்தர் வாயால கேக்கவா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "பின்னே, நீ போனா எழுதுவே. ஒவ்வொரு தடவையும் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

நான் போவேன் என்பதை, மேல் பாதியை வாசித்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார். கீழ்ப் பாதியில் திட்டு இருக்கும் என்று தெரியாமலே மூன்று வாரம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க ஒருவர் சாமானை ஒருவர் எடுத்துக்கொண்டு வாழ்ந்த இடத்தில், வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் கேட்டே பஸ் ஏறிய மனிதர், இந்த ஒரு காகிதத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் எதிரிலேயே அழுதேன். அழுதால் போகமாட்டேன் என்று நினைத்திருந்தேன். அழுதேன், போகவும் முடிவு செய்தேன்.

சாயங்காலம் டி-யை மூடினேன். சேச்சியைக் கூப்பிட்டு, நோட்டீஸுக்கென்று ஒரு தனி போல்டர் வைத்து, அதை மட்டும் திறந்து கொடுத்தேன். எரர் வந்தது. நாலு தடவை முயன்று சரி செய்தேன். மறுபடி ஸ்கேன் ஓட்டியதில் சிவப்பு போயிருந்தது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரிப்போர்ட்டில் அந்தப் பட்டியலைத் திரும்பக் காட்டச் சொன்னார்.

"இதுல எது என் பேரு?"

காட்டினேன். ஒரே மாதிரி இருந்த ஏழு வரிகளையும் விரல் விட்டு எண்ணினார்.

"ஒண்ணுதானே எனக்கு வந்துது. பாக்கி ஆறு?"

"அது அப்புறம் எழுதினது. இவ்வளவு மோசமா இருக்காது" என்றேன்.

"எப்பிடி இருந்தாலும் சரி. ஆறையும் அடிச்சு வச்சிட்டுப் போ. வாசிச்சுச் சொல்ல வேண்டாம்" என்றார். "உன் முதல் கடிதாசி வர்ற வரைக்கும் எனக்கு வாசிக்க வேணும்ல."

ஆறையும் நோட்டீஸ் போல்டரில் வைத்தேன். சேச்சி அடித்து, பின்வாசல் குட்டைச் சுவருக்கு மேலே நீட்டினாள். எழுத்துள்ள பக்கம் அவள் கண்ணில் படாமல் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அப்பா வாங்கி, அட்லஸுக்குள் வைத்து மூடினார்.